இல்லாத மீன் தொட்டி

நாற்காலியின் மேல் எனக்கு முதல் நாளிலிருந்தே சந்தேகம்.

நாற்காலி என்றால் உட்காருகிற நாற்காலி இல்லை. இணையவழிக் கல்லூரியில் என்னோடு ஒரே குழுவில் வந்து மாட்டிய ஆள். மற்றவர்கள் தங்கள் முகத்தை வைத்திருக்கும் இடத்தில் ஒரு பச்சை பிளாஸ்டிக் நாற்காலியின் படம். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் இரண்டு எழுத்து. கேமராவைப் போடுவதில்லை, மைக்கைப் போடுவதில்லை. வாராவாரம் கூட்டத்துக்கு மட்டும் தவறாமல் வந்து திரையின் மூலையில் நிற்கும். ஏதாவது கேட்டால் எழுத்தில் "சரி" என்று வரும். ரொம்பக் கேட்டால் "பார்க்கிறேன்" என்று வரும். ஆணா பெண்ணா, இளசா கிழடா, ஒன்றும் தெரியாது.

"பேசாம இருக்கிறவங்க எல்லாம் திருடங்களா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். அவர் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க இருட்டுக் குழிக்குள் தனியாக வேலை பார்ப்பவருக்குப் பேசாத ஆட்களைக் கண்டால் ஒரு பாசம்.

"பேசாதவங்களைத்தான் போன செமஸ்டர்ல பார்த்தேனே" என்றேன்.

போன செமஸ்டர் கதையைச் சொன்னால் இன்றைக்கும் எனக்கு ரத்தம் கொதிக்கும். குழு வேலை முழுவதையும் நான் ஒருத்தி எழுதினேன். மற்றவர்களில் ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவரின் மாமனாருக்குக் காய்ச்சல், இன்னொருவருக்கு நெட் இல்லை. கடைசியில் எல்லோருக்கும் ஒரே மதிப்பெண். நெட் இல்லாத மகராசி மதிப்பெண் வந்த அரை மணி நேரத்தில் "நம்ம டீம் சூப்பர்" என்று இதயம் போட்டு அனுப்பினாள். அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன், இனி என் தலையில் எவரும் மிளகாய் அரைக்க முடியாது என்று.

இந்த முறை விட்டுக்கொடுக்கவே முடியாத காரணமும் இருந்தது. இது என் கடைசிப் பாடம். ஒரு பல் மருத்துவமனையில் பல வருஷமாக முன்மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். போன் எடுப்பது, நேரம் கொடுப்பது, பில் போடுவது, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருபவர்களிடம் "டாக்டர் இதோ வந்துடுவார்" என்று சொல்வது எல்லாம் நான்தான். "வழியில வந்துக்கிட்டே இருக்கேன்" என்று போனில் சொல்பவர் இன்னும் குளிக்கவே இல்லை என்பதைக் குரலை வைத்தே சொல்லிவிடுவேன். சந்தேகம் எனக்குத் தொழிலோடு வந்தது.

மூத்த டாக்டர் இன்னொரு கிளை திறக்கிறார். என்னைக் கூப்பிட்டு, "பட்டத்தை வாங்கிட்டு வாம்மா, புதுக் கிளைக்கு நீதான் மேனேஜர். இல்லேன்னா என் மச்சானுக்குக் கொடுக்கச் சொல்லி வீட்டுல தினமும் நச்சரிக்கிறாங்க. என்னால சமாளிக்க முடியல" என்றார். அந்த மச்சானை எனக்கு நன்றாகத் தெரியும். வெயில் ஏறினால் ஏசி காற்று வாங்க வருவார். நான் கழிவறைக்குப் போய்விட்டு வருவதற்குள் என் சீட்டில் உட்கார்ந்து என் பேனாவால் காது குடைந்துகொண்டிருப்பார்.

ஆக, இந்தப் பாடத்தில் தேறினால் நான் மேனேஜர். கோட்டை விட்டால் அந்தப் பேனா முழுசாக அவருக்கு.

குழு வேலை இதுதான். ஏதாவது ஒரு வேலையிடத்தை எடுத்துக்கொண்டு, அங்கே காத்திருப்பவர்களின் சிரமத்தைக் குறைக்க வழி சொல்ல வேண்டும். எங்கள் மருத்துவமனையையே எடுத்துக்கொள்ளலாம் என்று நான் சொன்னேன். எவரும் மறுக்கவில்லை. அதுவே எனக்குச் சரியாகப் படவில்லை. மறுக்காதவர்கள் வேலை செய்யப் போவதில்லை என்று அர்த்தம்.

நாங்கள் நான்கு பேர். நான், நாற்காலி, ஒரு டீச்சர், ஒரு டிரைவர். டீச்சர் மழலையர் பள்ளியில் வேலை பார்ப்பவள். எங்களையும் குட்டிப் பிள்ளைகளாக நினைத்துக்கொண்டு "சூப்பரா பண்ணிடலாம், ஓகேவா?" என்று கையைத் தட்டுவாள். டிரைவர் பார்சல் வேன் ஓட்டுபவர். வண்டியை ஓரங்கட்டிவிட்டு, போனை ஸ்டீரிங்கில் சாய்த்து வைத்துவிட்டுப் பேசுவார். எங்களுக்கு அவர் தாடையும் மூக்கு ஓட்டையும்தான் தெரியும். அதற்கு மேல் அவர் முகம் எப்படி இருக்கும் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

முதல் கூட்டத்தை மதிய இடைவேளையில் மருத்துவமனையிலேயே நடத்தினேன். லேப்டாப்பைக் கையில் தூக்கிக்கொண்டு காத்திருக்கும் அறை முழுவதையும் சுற்றிக் காட்டினேன். வாசல், செருப்பு வைக்கும் இடம், சுவரோரம் வரிசையாக இரும்பு நாற்காலிகள், தண்ணீர் கேன், 'வலியில்லாப் பல் சிகிச்சை' என்று பெரிய எழுத்தில் ஒரு போர்டு. அதைப் படித்துவிட்டு உள்ளே போய் அலறியவர்களை எனக்குத் தெரியும் என்பது வேறு விஷயம்.

"எல்லாரும் நல்லாப் பார்த்துக்கிட்டீங்களா? அப்புறம் தெரியல, புரியலன்னு என்கிட்ட வரக் கூடாது" என்றேன்.

"பார்த்தாச்சு அக்கா" என்றாள் டீச்சர். டிரைவரின் தாடை ஆடியது. நாற்காலி "சரி" என்று எழுதியது.

அதன் பிறகுதான் என் தூக்கம் கெட்டது. நாங்கள் எல்லோரும் எழுதுவது ஒரே பொதுக் கோப்பில். யார் எந்த வரியைத் தொட்டாலும் அவரவர் நிறத்தில் அடையாளம் விழும். தினமும் காலையில் அடுப்பைப் பற்ற வைத்ததும் முதல் வேலையாக அதைத்தான் திறந்து பார்ப்பேன். என் பத்திகளில் பச்சை விழுந்திருக்கும். பச்சைதான் நாற்காலியின் நிறம். நான் ஐந்து வரியில் எழுதியிருந்தது இரண்டு வரியாகியிருக்கும். படித்தால் நன்றாகவே இருக்கும். அதுதான் எரிச்சல். ஒரு நாள் பிசிறு இல்லாமல், புள்ளி வைக்கும் இடத்தில் புள்ளி வைத்து எழுதியிருக்கும். இன்னொரு நாள் எழுத்துப் பிழை மயமாக, அவசரமாக அடித்திருக்கும். ஒரே ஆள் இப்படியும் எழுதுமா, அப்படியும் எழுதுமா?

"ரெண்டு பேர் இருக்காங்க. இல்லேன்னா காசு கொடுத்து யாரையோ வச்சு எழுதுது. இல்லேன்னா மெஷின் எழுதிக் கொடுக்குது" என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"இல்லேன்னா அந்த நாற்காலியே எழுதுதோ என்னவோ" என்றார் அவர், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

மூன்றாவது கூட்டத்தில் இன்னொரு குட்டு வெளிப்பட்டது. படங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த டீச்சர், "அந்த குரூப்ல அண்ணன் போட்டாரே, அந்த மாதிரி..." என்று ஆரம்பித்து, நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"எந்த குரூப்?"

"ஸ்கூல் குரூப் அக்கா. ஸ்கூல்ல ஒரு அண்ணன்..."

டிரைவரின் தாடை திரையை விட்டே நகர்ந்து, வேனின் கூரை தெரிந்தது. நாற்காலி ஒன்றுமே எழுதவில்லை. எனக்கா புரியாது? நான் இல்லாமல் மூன்று பேரும் தனியாக ஒரு குரூப் வைத்திருக்கிறார்கள். எதற்கு? வேலையை என் தலையில் கட்டிவிட்டு, கடைசியில் நான்தான் ஒன்றும் செய்யவில்லை என்று பேராசிரியரிடம் போய்ச் சொல்வதற்கு. வேறு எதற்கு?

வீட்டுக்காரரிடம் கொட்டித் தீர்த்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உன்னை மட்டும் விட்டுட்டு எல்லாரும் சேர்ந்து குரூப் வச்சிருக்காங்கன்னா, கொஞ்சம் யோசிக்க வேண்டியது நீதானே?" என்றார். அன்று சாயங்காலம் முழுவதும் நான் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

யோசித்தேன். ஆனால் அவர் சொன்ன மாதிரி இல்லை. நான் எழுதுவதை இவர்கள் படிக்கிறார்களா, சும்மா நிறத்தைப் பூசிவிட்டுப் போகிறார்களா என்று பிடிக்க ஒரு பொறி வைத்தேன். என் பத்தியின் நடுவில் ஒரு பச்சைப் பொய்யைச் செருகினேன்: "காத்திருக்கும் அறையில் உள்ள பெரிய மீன் தொட்டியின் அருகே உட்காருபவர்கள் நேரம் போவதையே மறந்துவிடுகிறார்கள்."

எங்கள் அறையில் மீன் தொட்டியும் கிடையாது, ஒரு மீன் பொம்மையும் கிடையாது. நானே சுற்றிக் காட்டியிருக்கிறேன். படித்தவர் எவராக இருந்தாலும் "என்னக்கா, தொட்டி எங்கே இருந்து வந்துச்சு?" என்று கேட்டாக வேண்டும்.

எவரும் கேட்கவில்லை. இரண்டாம் நாள் காலையில் கோப்பைத் திறந்தால், என் பொய்க்குக் கீழே பச்சை.

"பல் டாக்டரிடம் வந்தவருக்குக் காது முழுக்க உள்ளே ஓடும் மெஷின் சத்தம்தான். அந்த நேரத்தில் கண்ணுக்கு ஒரு வேலை கொடுத்தால் கால் வாசல் பக்கம் திரும்பாது. மீன் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பவர் எழுந்து ஓட மாட்டார்."

படித்ததும் எனக்குப் பொறி கலங்கிவிட்டது. இல்லாத தொட்டிக்கு இவ்வளவு உருக்கமா! நேரில் பார்த்த மாதிரி அல்லவா எழுதியிருக்கிறது! மெஷினேதான். ஒரு வரியைக் கொடுத்தால் நான்கு வரி கக்குகிறது, அது உண்மையா பொய்யா என்றுகூடப் பார்க்கவில்லை. கையும் களவுமாக மாட்டியாச்சு.

என் வரியையும் அதன் வரிகளையும் சேர்த்து அழித்தேன். பிறகு பேராசிரியருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். எங்கள் குழுவில் ஒருவர் சொந்தமாக எழுதுவதாகத் தெரியவில்லை, கூட்டத்தில் முகத்தையும் காட்டுவதில்லை, வாயையும் திறப்பதில்லை, நீங்கள்தான் விசாரிக்க வேண்டும் என்று. அனுப்பிவிட்டு நிம்மதியாக வேலைக்குப் போனேன். அன்றைக்கு வந்தவர்களிடமெல்லாம் சிரித்துச் சிரித்துப் பேசினேன்.

சமர்ப்பிக்கும் நாள் வந்தது. பேராசிரியர் ஒரு பெண்மணி. நிதானமாகப் பேசுவார், ஆனால் ஒரு சொல்லையும் தவற விடமாட்டார். ஆய்வு செய்த இடத்தின் தலைவரும் கூட இருந்து கேட்க வேண்டும் என்பது அவர் போட்ட நிபந்தனை. காலை நோயாளிகள் போன பிறகு மூத்த டாக்டர் என் மேசைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தலையைப் புதிதாகச் சீவியிருந்தார். இதைவிட நல்ல சந்தர்ப்பம் எனக்கு எங்கே கிடைக்கும்? இவர் கண் முன்னாலேயே பேசி, பேராசிரியர் வாயாலேயே பாராட்டு வாங்கிவிட்டால், மச்சான் மூட்டையைக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

என் பகுதியை நன்றாகவே பேசினேன். யாருக்கு எப்போது நேரம் கொடுக்கிறோம், எங்கே தாமதம் சேருகிறது, போன் அடித்தால் எப்படி எல்லாமே தடுமாறுகிறது என்று புட்டுப் புட்டு வைத்தேன். டாக்டர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

அடுத்து டீச்சர். "இப்ப நம்ம குழுவோட முக்கியமான கண்டுபிடிப்பைப் பார்க்கலாம், ஓகேவா?" என்று படத்தை மாற்றினாள்.

திரை முழுக்க ஒரு மீன் தொட்டி. அவளே கையால் வரைந்திருந்தாள். ஆரஞ்சு மீன்கள், பாசி, நீர்க்குமிழி, ஒவ்வொரு மீனுக்கும் இமை முடி. கீழே தலைப்பு: 'காத்திருப்போரின் நண்பன்'.

டிரைவர் தொடர்ந்து பேசினார். தொட்டிக்கு அருகில் நாற்காலிகளை எப்படிப் போட வேண்டும், பயப்படுபவர்களுக்கு அந்த இடத்தை முதலில் கொடுக்க வேண்டும், புதுக் கிளையிலும் இதே மாதிரி வைக்க வேண்டும் என்று ஒரு பரிந்துரைப் பட்டியலே வாசித்தார். நான் அழித்தது எப்படி உயிரோடு வந்தது? நேற்று இரவுகூடக் கோப்பைப் பார்த்தேனே! பார்த்தேன்தான். என் பகுதியில் எவர் கை வைத்தார் என்று பார்த்தேன். மற்றவர்கள் பகுதியில் யார் எவ்வளவு எழுதினார் என்று பார்த்தேன். என்ன எழுதியிருக்கிறார்கள் என்று நான் படிக்கவில்லை.

டாக்டர் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு அறையைப் பார்த்தார். தண்ணீர் கேனைப் பார்த்தார்.

"அருமை" என்றார் பேராசிரியர். "இத்தனை குழுக்கள்ல இப்படி மனுஷங்களைப் பத்தி யோசிச்சது நீங்கதான். டாக்டர், இந்தத் தொட்டி உங்க யோசனையா?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். போச்சு, எல்லாம் போச்சு.

"ஆமா" என்றார் டாக்டர்.

கண்ணைத் திறந்தேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். "ஆரம்பத்துலருந்தே நான் சொல்றது இதுதான் மேடம். பல்லை மட்டும் பார்த்தா போதாது, மனசையும் பார்க்கணும். தொட்டி நம்ம யோசனைதான்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, மூச்சும் வந்தது. தப்பித்தேன். அவர் பொய் என் பொய்யைத் தூக்கிக் கரை சேர்த்துவிட்டது. முகத்தைச் சரி பண்ணிக்கொண்டேன்.

"நல்லது" என்றார் பேராசிரியர். "இன்னும் ஒரு விஷயம். இந்தக் குழுவுல ஒருத்தர் சொந்தமா எழுதலைன்னு எனக்கு ஒரு புகார் வந்திருக்கு. யார் அனுப்பினாங்கன்னு சொல்ல மாட்டேன். கேமராவே போடாதவங்க, உங்களைத்தான். மைக்கைப் போட்டு உங்க பகுதியை நீங்களே விளக்குங்க. இல்லேன்னா என்னால மதிப்பெண் தர முடியாது."

பச்சை நாற்காலி மறைந்தது. அந்த இடத்தில் ஒரு பெண் வந்தாள். முப்பதைத் தாண்டியிருக்க மாட்டாள். பின்னால் அட்டைப் பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருந்தன. ஒரு கையால் வாயைப் பொத்தியிருந்தாள்.

"மன்னிச்சுடுங்க மேடம்" என்றாள். கைக்குள்ளிருந்து காற்றோடு சேர்ந்து வந்தது பேச்சு. "நான் கிடங்குல பேக்கிங் வேலை பார்க்கிறேன். மேல இருந்து ஒரு பெட்டி விழுந்து முன்பல் ரெண்டும் உடைஞ்சு போச்சு. அதுலருந்து யார் முன்னாடியும் வாயைத் திறக்கிறதில்ல. வேலைக்கு நடுவுல கையுறையோட போன்ல அடிப்பேன், தப்புத் தப்பா வரும். லீவு நாள்ல நூலகத்துல உட்கார்ந்து சரியா எழுதுவேன். எல்லாம் நான் எழுதினதுதான்."

"அந்த மீன் தொட்டிப் பகுதி?"

"அதுவும் நான்தான். எத்தனையோ தடவை பல் டாக்டர் வாசல் வரைக்கும் போயிருக்கேன் மேடம். உள்ள மெஷின் சத்தம் கேட்டதும் கால் தானா திரும்பிடும். அக்கா எழுதின அந்த ஒரு வரியைப் படிச்சேன், தொட்டிக்கிட்ட உட்கார்ந்தா நேரமே தெரியாதுன்னு. அது மனசுலேயே நின்னுடுச்சு. அப்புறம் பார்த்தா அந்த இடம் கோப்புல காணோம். அக்கா கை தவறி அழிச்சுட்டாங்கபோலன்னு நாங்கதான் டீச்சர் பகுதியில சேர்த்தோம்." அவள் கண் என்னைத் தேடியது. "அக்கா, இந்த வேலை முடியட்டும்னுதான் காத்திருந்தேன். உங்க கிளினிக் எனக்கு ரெண்டு பஸ் தூரம். அடுத்த வாரம் வரேன். தொட்டிக்குப் பக்கத்துல ஒரு இடம் பிடிச்சு வைங்க."

பேசாமல் இருந்திருந்தால் தீர்ந்தது விஷயம். பேராசிரியர் சிரித்துக்கொண்டிருந்தார். டாக்டர் "தாராளமா வாங்க" என்று கையெல்லாம் ஆட்டினார். பாடம் தேறியாச்சு, மேனேஜர் நாற்காலி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஆனால் இவள் இரண்டு பஸ் மாறி, வாயைப் பொத்திக்கொண்டு, இந்த வாசலில் வந்து நின்று தொட்டி எங்கே என்று தேடுவாளே! அப்புறம் அவள் இன்னொரு டாக்டர் வாசலை ஆயுசுக்கும் மிதிப்பாளா? எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

"கேமராவைப் போடுங்க, போடுங்க" என்று வாராவாரம் அவளை விரட்டியவள் நான். லேப்டாப்பின் மூடியைப் பிடித்து, கேமராவை அறைப் பக்கம் திருப்பினேன்.

"நல்லாப் பாருங்க" என்றேன். "வாசல். இரும்பு நாற்காலி. தண்ணீர் கேன். இவ்வளவுதான். இங்க தொட்டி கிடையாது. நீங்கள்லாம் படிக்கிறீங்களான்னு பார்க்க நான்தான் பொய்யா ஒரு வரி எழுதி வச்சேன். மேடம், புகார் அனுப்பினதும் நான்தான்."

என் பக்கத்தில் டாக்டரின் நாற்காலி கிறீச்சிட்டது. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

பேராசிரியர்தான் முதலில் பேசினார். "டாக்டர், உங்க யோசனைன்னு சொன்னீங்களே" என்று ஆரம்பித்தவர், அதை அப்படியே விட்டுவிட்டார். "மத்தவங்க எப்படிக் கவனிக்காம விட்டீங்க? இந்த அறையை நீங்க யாரும் பார்க்கவே இல்லையா?"

"அக்கா முதல் நாளே சுத்திக் காட்டினாங்க மேடம்" என்றாள் டீச்சர், அழாத குறையாக. "ஆனா லேப்டாப்பை மேல் பக்கமா பிடிச்சிருந்தாங்க. எங்களுக்கு சீலிங் ஃபேன் மட்டும்தான் தெரிஞ்சுது."

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா திட்டுவாங்க மேடம்" என்றது டிரைவரின் தாடை. "அதனாலதான் எங்களுக்குள்ள தனியா ஒரு குரூப் வச்சுக்கிட்டோம், தெரியாததைக் கேட்டுக்க. அதுவுமில்லாம, அங்கேயே வேலை பார்க்கிறவங்க தொட்டி இருக்குன்னு எழுதியிருக்காங்க. அதுல நாங்க எதுக்கு மேடம் சந்தேகப்படணும்?"

இதை அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு. பேக்கிங் வேலை பார்க்கும் பெண்ணின் இடத்தில் மறுபடியும் பச்சை நாற்காலி வந்திருந்தது.

மீனை எடுத்துவிட்டுத் திருத்தி எழுதித் தரச் சொன்னார் பேராசிரியர். மதிப்பெண்ணில் கொஞ்சம் வெட்டுவேன், ஆனால் தேறிவிடுவீர்கள் என்றார். கூட்டம் முடிந்ததும் டாக்டர் எழுந்தார்.

"ஏம்மா, நான் உன்னைக் காப்பாத்தத்தானே ஆமான்னு சொன்னேன்? பதிலுக்கு என் மானத்தைக் கப்பலேத்திட்டியே" என்றார். "உன் படிப்பு முடியட்டும். மேனேஜர் விஷயத்தை அடுத்த கிளை திறக்கும்போது பார்க்கலாம்." அடுத்த கிளை எப்போது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வீட்டுக்குப் போய் வீட்டுக்காரரிடம் சொல்லி அழுதேன். அவர் தமாஷ் எதுவும் பண்ணாமல் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் என் போனில் ஒரு அறிவிப்பு. டீச்சர் என்னை ஒரு குரூப்பில் சேர்த்திருந்தாள். குரூப்பின் பெயர் 'சீலிங் ஃபேன்'.

"எதுக்குச் சேர்த்திருப்பாங்க? எல்லாருமா சேர்ந்து நாலு வார்த்தை கேக்கிறதுக்கா?" என்றேன்.

"அடியே, சேர்த்ததுக்கும் சந்தேகமா?" என்று தலையில் அடித்துக்கொண்டார் வீட்டுக்காரர்.

ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. "எந்தப் பகுதியை யார் திருத்துறது?" என்று டிரைவர் கேட்டிருந்தார். திருத்தினோம். இந்த முறை நான் ஒவ்வொரு வரியையும் படித்தேன். மீன் போனது, "கண்ணுக்கு ஒரு வேலை" என்ற வரி நின்றது. தேறினோம். கிடங்குப் பெண்ணுக்கு மட்டும் தனியாக மன்னிப்புக் கேட்டு எழுதினேன். "சரி" என்று பதில் வந்தது. வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. இனி எங்கே வரப்போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

புதுக் கிளையில் பெயின்ட் காயும் வரை மச்சான் எங்களிடம் வந்து மேனேஜர் வேலை பழகினார். அவர் செய்த முதல் வேலை, நான்கு ஆட்களோடு ஒரு பெரிய மீன் தொட்டியை உள்ளே கொண்டுவந்து இறக்கியது. டாக்டரின் உத்தரவு. பேராசிரியர் முன்னால் போன மானத்தை இப்படித்தான் மீட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. குமிழி விட்டுக்கொண்டு ஆரஞ்சு மீன்கள் ஓடின. இமை முடி மட்டும் இல்லை. வருகிறவர்களிடமெல்லாம் டாக்டர், "இது நம்மகிட்ட ரொம்ப நாளா இருக்கு" என்று அளந்துகொண்டிருந்தார்.

மறுநாள் காலை கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். ஒரு கை வாயைப் பொத்தியிருந்தது. பார்த்ததும் தெரிந்துவிட்டது. நான் எழுந்து நின்றேன்.

அவள் என்னைப் பார்த்துப் பாதி சிரித்தாள். பிறகு தொட்டியைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

"இருக்குதே" என்றாள்.

"நேத்துதான் வந்துச்சு."

"அன்னைக்கு இல்லேன்னு திருப்பிக் காட்டினீங்க."

"அன்னைக்கு இல்லதான். டாக்டர்தான் அப்புறமா..."

"இது ரொம்ப நாளா இருக்குதும்மா" என்றார் வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், உதவி செய்யும் எண்ணத்தில். "டாக்டரே சொன்னார்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் புதுசில்லை. அது நான் மற்றவர்களைப் பார்க்கிற பார்வை. என் பக்கம் திரும்பி வந்தபோதுதான் அது எப்படிச் சுடும் என்று தெரிந்தது. சத்தியம் பண்ணலாமா, மச்சானைச் சாட்சிக்குக் கூப்பிடலாமா என்று தவித்தேன். எதைச் சொன்னாலும் சப்பைக்கட்டாகத்தான் இருக்கும்.

உள்ளே மெஷின் ஓடத் தொடங்கியது. அவள் கால் வாசல் பக்கம் திரும்பியதை நான் பார்த்தேன். ஆனால் அவள் போகவில்லை. சுவரில் இருந்த போர்டைக் காட்டினாள்.

"வலியில்லாச் சிகிச்சைன்னு போட்டிருக்கே. அதாவது உண்மையா அக்கா?"

"நூத்துக்கு நூறு உண்மைம்மா! எறும்பு கடிச்ச மாதிரிகூட இருக்காது" என்றார் மச்சான், மீனுக்குத் தீனி போட்டுக்கொண்டே.

நான் அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். "இல்ல. ஊசி போடும்போது வலிக்கும், கண்ணுல தண்ணி வரும். அப்புறம் மரத்துப் போயிடும், ஒண்ணும் தெரியாது. சாயங்காலம் மறுபடியும் வலி வரும். மாத்திரை போட்டுட்டுத் தூங்கினா காலையில போயிடும்."

மச்சான் தீனி டப்பாவோடு என்னை முறைத்தார். வரிசையில் இருந்த பெரியவர் கன்னத்தைத் தடவிக்கொண்டார். அவள் வாயிலிருந்து கையை எடுத்தாள்.

"சரி. பேர் எழுதிக்கோங்க" என்றாள்.

தொட்டிக்குப் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தைக் காட்டினேன். அவள் அங்கே போகவில்லை. என் மேசைக்கு நேர் எதிரே இருந்த இரும்பு நாற்காலியில் உட்கார்ந்தாள். மீன் பக்கம் திரும்பவே இல்லை. உள்ளேயிருந்து கூப்பிடும் வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.